ஜெபம் வரவில்லை என்கிற உங்களுக்கு

போர்ட் பிளேரிலும் பம்பூ பிளாட்டிலும் ஹட் பேயிலும் கேம்ப்பெல் பேயிலும் ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனைக்கு வந்துபோகிற, ஆனால் தனியே முழங்கால் போட்டால் வாயடைத்துப்போகிற சகோதர சகோதரிகளுக்கு இது. (போர்ட் பிளேரை 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டார்கள். வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

உங்களுக்குப் பாட்டு வரும். பிரசங்கம் கேட்பீர்கள். காணிக்கைப் பை வரும்போது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கண்ணை மூடி "ஆண்டவரே" என்றதும்தான் அடுத்த சொல் கிடைக்காது. மனம் ஹாடோ துறைமுகத்துக்குப் போய், சென்னைக் கப்பல் இந்த வாரமாவது சொன்ன தேதிக்கு வருமா என்று பார்க்கத் தொடங்கிவிடும். இல்லையென்றால் பிள்ளையின் நீட் மதிப்பெண்ணுக்குப் போகும். எங்கும் போகாமல் அப்படியே வெறிச்சென்று நிற்கிற நாளும் உண்டு. அந்த நாள்தான் மற்றதைவிட மோசம். இதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த புதன்கிழமை ஜெபக் குறிப்பில் நம் பெயர் ஏறிவிடுமே என்ற பயம்.

நீங்கள் சிலர் மட்டுமல்ல. இந்தத் தீவுகளில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு இருபத்தொருவர் கிறிஸ்தவர்கள். அத்தனை பேருக்கும் ஜெபம் மடைதிறந்த வெள்ளமாக வருகிறது என்று நான் நம்பத் தயாராக இல்லை. பெரும்பாலோர் வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நம் சபைகளில் ஜெபிக்கத் தெரிந்தவர் என்று யாரைச் சொல்கிறோம்? மைக்கைப் பிடித்துக் கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவரை. அவரை ஜெபவீரர் என்கிறோம். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. அப்பாவிடம் பேசுகிற பிள்ளையை யாராவது பேச்சுவீரர் என்பார்களா? சங்கிலி ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போதே உள்ளங்கை வியர்க்கிறது. என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்ப்பதில் அந்த மூன்று பேர் ஜெபித்தது காதில் விழுவதில்லை. நம் முறை வந்ததும் "இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, முந்தினவர் சொன்னதையே இடம் மாற்றிச் சொல்லி, ஆமென் போட்டு, பெருமூச்சு விடுகிறோம். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் அது மட்டும்தான் ஜெபம் என்று நினைத்துக்கொண்டால் நமக்கு ஜெபமே வராது என்ற முடிவுக்குத்தான் போய்ச் சேருவோம்.

லூக்கா 11ஆம் அதிகாரத்தில் சீஷர்களில் ஒருவன் எல்லாருக்காகவும் இயேசுவிடம், ஜெபிக்கக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்கிறான். அந்தச் சீஷர்கள் யார்? சிறுவயது முதல் ஜெப ஆலயத்தில் வளர்ந்த யூதர்கள். சங்கீதங்களும் பண்டிகை ஜெபங்களும் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களுக்கே கேட்கவேண்டியிருந்தது. உள்ளம் உருகினால் தானாக வரும் என்று இயேசு சொல்லவில்லை. சொல்லிச்சொல்லிப் பழக ஒரு ஜெபத்தைக் கையில் கொடுத்தார். மத்தேயுவில் வருகிற பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. லூக்காவில் இருப்பது அதைவிடச் சின்னது. அன்னியர் செய்வதுபோல் சொற்களை அலப்பவேண்டாம் என்று மத்தேயுவில் அதற்கு முன்பே எச்சரித்தும் இருக்கிறார். நம் முழு இரவு ஜெபங்களை நடத்துகிறவர்கள் அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அபர்தீன் பஜாரில் நாம் இந்தி கற்றுக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். இங்கே வங்காளி, தமிழர், தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நிக்கோபாரி எல்லாருக்கும் பொது மொழி இந்திதான். திருநெல்வேலியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து இறங்கிய நம் தாத்தாக்கள் அதை எந்தப் பள்ளியில் படித்தார்கள்? மீன் வாங்கினார்கள், விலை கேட்டார்கள், ஆண்பாலைப் பெண்பாலாக்கினார்கள், பக்கத்தில் நின்றவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். இலக்கணம் சரியான பிறகு பேசலாம் என்று காத்திருந்தவருக்கு அன்றைக்கு மீன் கிடைத்திருக்காது. ஜெபமும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். முதலில் அடுத்தவர் சொல், அப்புறம் உடைந்த சொல், வெகுநாள் கழித்துச் சொந்தச் சொல்.

ஆனால் பஜாரில் எதிரே நிற்கிறவர் பதில் சொல்லிவிடுவார். நாம் தப்பாகக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே மீனை எடுத்துப் போடுவார். ஜெபத்தில் எதிரே இருப்பவர் பல நாள் பேசுவதில்லை. உங்கள் கஷ்டத்தின் வேர் சொல் கிடைக்காததில் இல்லை, இந்த மௌனத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த மௌனத்துக்கு முன்னால் நெடுநாள் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். அவர் நம் தீவுகளில் இருந்தவர். நம் பிரசங்கங்களில் அவர் பெயர் வருவதில்லை.

தரங்கம்பாடி என்றதும் நமக்கு மிஷனரி சீகன்பால்கு நினைவுக்கு வருவார். அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1760இல், மொரேவிய சகோதரர்கள் என்ற சிறு கூட்டத்தார் அதே தரங்கம்பாடிக்கு வந்து, பக்கத்திலேயே நிலம் வாங்கிக் குடியேறினார்கள். கைத்தொழில் தெரிந்த எளிய மனிதர்கள். அவர்கள் கண் வைத்திருந்தது நிக்கோபார் தீவுகளின் மேல். அப்போது அத்தீவுகள் தங்களுடையவை என்று டென்மார்க் சொல்லிக்கொண்டிருந்தது. 1768இல் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி நன்கவுரி தீவில் இறங்கினார்கள். காட்டை வெட்டி, குடிசை போட்டு, காய்ச்சலில் விழுந்து, ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். செத்தவர்கள் இடத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வந்தவர்களும் செத்தார்கள்.

அப்படி 1779இல் வந்தவர் யோகான் காட்ஃபிரீட் ஹென்சல். பல ஆண்டுகள் நன்கவுரியில் இருந்தார். சாப்பாட்டுச் செலவுக்குச் சங்கும் சிப்பியும் பொறுக்கித் தரங்கம்பாடிக்கு அனுப்பி விற்றார். அடிக்கடி காய்ச்சல். ஆளைக் கிடத்திவிடுகிற நிக்கோபார்க் காய்ச்சல். பிரசங்கம் செய்யும் அளவுக்கு நிக்கோபார் மொழி வசப்படவில்லை. ஊர்க்காரர்கள் நட்பாகத்தான் இருந்தார்கள். வந்து உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், எழுந்து போனார்கள். ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. 1787இல் எல்லாவற்றையும் மூடிவிட்டு வரும்படி உத்தரவு வந்தது. மூடுகிற வேலையும் ஹென்சல் தலையில்தான் விழுந்தது.

வெகு காலம் கழித்து, வயதான பிறகு, தன் சபையார் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1812இல் லண்டனில் புத்தகமாக வந்தன. புறப்படுவதற்கு முந்திய நாட்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். தீவின் சிறிய கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சகோதரர்கள் பதினொரு பேர் புதைக்கப்பட்டிருந்தார்கள். தரங்கம்பாடிக்குத் திரும்பியதும் இறந்தவர்கள் இன்னும் பதின்மூன்று பேர். ஹென்சல் அந்தக் கல்லறைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அழுவாராம். இந்தத் தீவுக்காக எத்தனை பேர் எத்தனை ஆண்டு ஜெபித்தார்கள், எத்தனை கண்ணீர், அத்தனையும் வீணாகவா போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னதாக எழுதுகிறார். பதில் வந்ததாக அவர் எழுதவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்.

இந்த இடத்தில் ஒரு பிரசங்கியார் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். உடனே தாவி, "ஆனால் பாருங்கள், இன்றைக்கு நிக்கோபாரிகளில் ஏறக்குறைய எல்லாரும் கிறிஸ்தவர்கள்! விதைத்தது முளைத்தது!" என்பார். ஆனால் அந்தக் கிறிஸ்தவம் ஹென்சல் கல்லறைகளிலிருந்து நேரே முளைத்தது அல்ல. நடுவில் நூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அது தொடங்கியது வேறொரு தீவில், வேறொரு மனிதரிடம். ஹென்சலுக்கு அதில் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதினொரு கல்லறை. அங்கே உட்கார்ந்து, வீணா என்று கேட்டதே அவர் ஜெபம். அதை ஜெபம் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வராவிட்டால் சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கிழித்துப் போடவேண்டியதுதான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய அந்தப் பங்கு முறையீடுகள்.

88ஆம் சங்கீதத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஏமான் என்பவர் பெயரால் வருகிறது. மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் பெரும்பாலானவை எப்படிப் புலம்பினாலும் முடிவில் ஒரு வரியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசிச் சொல்கூட வெளிச்சமில்லாத சொல். அதை வேதாகமத்துக்குள் வைத்தவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்திருந்தால் ஒரு வரி சேர்த்து முடித்திருப்பார்கள். சேர்க்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அத்தனை குற்றச்சாட்டும் கடவுளைப் பார்த்தே சொல்லப்படுகிறது. அவரைப் பற்றி அடுத்தவரிடம் புலம்பவில்லை.

வேறொரு தீவு, வேறொரு மனிதர் என்றேனே, அதற்கு வருகிறேன். கார் நிக்கோபாருக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வேதப்பன் சாலொமோன். போர்ட் பிளேரில் உபதேசியாராக இருந்து, 1890களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்குப் போய்ப் பள்ளி நடத்தியவர். அரசாங்கத்துக்கும் அவரே அங்கே பிரதிநிதி. அவர் எழுதிவந்த நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் ஒரு மானிடவியல் இதழில் அச்சாகியிருக்கின்றன. தீவாரின் சடங்குகள், நோய், சாவு, திருவிழா என்று எல்லாம் உலர்ந்த நடையில் இருக்கும். பரவசம் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் தன்னைச் சுற்றி இருப்பவர்களை நாள் தவறாமல் பெயர் சொல்லிக் கவனிப்பதும் ஜெபத்துக்குப் பாதி வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் 1909இல் காலமானார்.

அவரிடம் படித்த மூஸ் சிறுவன்தான் பிறகு ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் மண்டலேயில் படித்துத் திரும்பி, ஆசிரியராகி, குருவாகி, 1950இல் ஆயரானவர். முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினரும் அவரே. வேதாகமத்தைத் தன் மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தார். ஜப்பானியர் தீவைப் பிடித்திருந்த 1942 முதல் 1945 வரை நிக்கோபாரிகளை உளவாளிகள் என்று சொல்லிச் சித்திரவதை செய்தார்கள், கொன்றார்கள். ரிச்சர்ட்சனையும் சிறையில் போட்டு மரண தண்டனைக்குக் குறித்துவைத்திருந்தார்கள். போர் முடிந்ததால் பிழைத்தார். போருக்கு முன் அந்தத் தீவில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மைதான். கார் நிக்கோபார் கிராமம் கிராமமாகச் சபைக்குள் வந்தது அதற்குப் பிறகு, அத்தனை சாவைப் பார்த்த பிறகு. ஒவ்வொருவரும் தனித்தனியே உள்ளத்தைச் சோதித்து, ஜெபிக்கக் கற்றுக்கொண்டு, அப்புறம் வரவில்லை. துஹெத் என்கிற கூட்டுக்குடும்பத்தோடு வந்தார்கள். வந்த பிறகு கூட்டத்தோடு சொல்லிச்சொல்லிக் கற்றுக்கொண்டார்கள். தனியறையில் தனியாக ஜெபிக்க முடியாதவன் கிறிஸ்தவனே அல்ல என்று நினைக்கிற நமக்கு இதில் யோசிக்க இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியை நினைவுபடுத்தவேண்டிய அவசியமில்லை. உங்களில் பாதிப் பேர் அன்று இங்கே இருந்தீர்கள். சனிக்கிழமை கிறிஸ்துமஸ். மறுநாள் ஞாயிறு, காலை ஆறரைக்குப் பூமி ஆடியது. நிக்கோபாரிகளின் கிறிஸ்துமஸ் ஒரு நாளில் முடியாது, புத்தாண்டு வரை ஓடும். கடற்கரையை ஒட்டியே கிராமம், கடற்கரையை ஒட்டியே கோயில். அலை வந்தபோது ஊர் முழுவதும் பண்டிகைக்குக் கூடியிருந்தது. கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்கு என்று இலங்கையிலிருந்து திரும்பிவந்து குடியமர்ந்த நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. இந்திரா முனையில் தரையே சுமார் 4 மீட்டர் அமிழ்ந்தது. யூனியன் பிரதேசம் முழுவதும் இறந்தவர், காணாமல் போனவர் சுமார் 3,500 என்பது அரசுக் கணக்கு. அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்கள் அங்கே நிறைய.

அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டகை. கூரையும் தகரம், சுவரும் தகரம். பகல் பதினொரு மணிக்குக் கையை வைத்தால் சுடும். மழை பெய்தால் அடுத்தவர் பேசுவது கேட்காது. அந்தத் தகரத்தின் கீழேயே கூடி ஆராதித்தார்கள். பெருமழையில் ஜெபம் நடத்துகிறவர் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்டிருக்காது. மனப்பாடமாகத் தெரிந்த ஜெபமும் தெரிந்த பாட்டும் அங்கேதான் உதவும். நடத்துகிறவர் குரல் கேட்காவிட்டாலும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நம் பக்கத்து நல்லவர்கள் சிலர் அப்போது, இது ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் சொன்னார்கள். கடவுளின் எச்சரிப்பு என்றார்கள், கடைசிக் கால அடையாளம் என்றார்கள். அந்த விளக்கங்களை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கியதும்தான் கெட்டது.

உங்களில் சிலருக்கு அந்த அலை வந்த நாளில் ஜெபம் நின்றது, இன்னும் திரும்பவில்லை. சிலருக்குக் கொரோனாக் காலத்தில் நின்றது. சிலருக்கு ஒரு காரணமும் இல்லாமல் மெல்ல வற்றிப்போனது. இந்த மூன்றாவது வகையினர்தான் தங்களை அதிகம் திட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு தெரசாக்களைச் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அவிலாவில் இருந்த தெரசா, ஜெபத்தைப் பற்றி எழுதியவர்களில் முதல் வரிசைக்காரி. ஜெப நேரத்தில் உட்கார்ந்துகொண்டு, மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் பல என்று அவரே எழுதியிருக்கிறார். இன்னொருவர் கொல்கத்தாவின் அன்னை தெரசா. அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து, 2007இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தன. ஏழைகள் நடுவே வேலை தொடங்கிய காலம் முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு, கடவுள் இருக்கிற உணர்வே இல்லாமல் ஜெபித்திருக்கிறார். விடியுமுன் எழுந்து, சகோதரிகளோடு சேர்ந்து, குறித்த ஜெபத்தைச் சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போயிருக்கிறார். வெளியே யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கடிதங்களைப் படித்துச் சிலர் அதிர்ந்துபோனார்கள். எனக்கு அவர் மேல் மதிப்பு கூடித்தான் போனது.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள்.

பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நில்லுங்கள். அன்றாட ஆகாரத்தைக் கேட்கிற வரி போதும். அரிசியும் பருப்பும் வெங்காயமும் கடல் கடந்து வரவேண்டிய ஊரில் அந்த வரியை அர்த்தமில்லாமல் சொல்ல முடியாது. நாளைக்கும் அதே வரி வந்தால் அதுவே இருக்கட்டும். கெத்செமனேயில் இயேசுவும் மூன்று முறை அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார் என்கிறார் மத்தேயு. பக்கத்தில் இருந்த சீஷர்கள் தூங்கிவிட்டார்கள். ஜெபிக்கும்போது தூக்கம் வருகிறதே என்று வருந்துகிறவர்களுக்குப் பேதுரு துணையிருக்கிறார்.

சொல்லே வராத நாளில் சொல்லாமல் இருங்கள். அன்னாள் சீலோவில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி பார்த்துவிட்டுக் குடித்திருக்கிறாள் என்றே முடிவுகட்டினான். ஜெபத்தில் தேர்ந்தவர்களுக்கே அடுத்தவர் ஜெபம் புரியாமல் போவது அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. நாம் எப்படி வேண்டிக்கொள்வது என்று அறியாதிருக்கும்போது ஆவியானவரே பெருமூச்சோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8இல் பவுல் எழுதுகிறார். எழுதுகிறவர் பவுல், அதில் தன்னையும் சேர்த்தே "நாம்" போடுகிறார்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து வருகிற புத்தகங்களும் யூடியூப் ஊழியர்களும் அதிகாலை நாலு மணி, ஐந்து மணி என்கிறார்கள். நமக்கு மே மாதத்தில் ஐந்து மணிக்கே சூரியன் வந்துவிடும், ஜன்னலில் வெயில் அடிக்கும். இந்திய நேரம் நமக்குத் தைத்த சட்டை இல்லை. உங்கள் வேலைக்கு ஒத்த ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாத்தம் படகில் நிற்கிற பத்து நிமிடமும் ஆகும். கண்ணை மூடவேண்டிய அவசியம்கூட இல்லை. எதிரே தெரிகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, ஆண்டவரே இவர், ஆண்டவரே இவர் என்று மனத்துக்குள் சொன்னால் போதும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஜெபம் வராததோடு தூக்கமும் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, யாரையும் பார்க்கத் தோன்றவில்லை, வாழ்ந்து என்ன என்று இருக்கிறது என்றால், அதை ஆவிக்குரிய குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். விசுவாசம் குறைவு, பிசாசின் கட்டு என்று சொல்லிச் சொல்லி எத்தனை பேரை நாம் மருந்துக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறோம் என்பதற்கு ஒருநாள் கணக்குக் கேட்கப்படும் என்று நினைக்கிறேன். உபவாசம் இருந்து சரிசெய்யலாம் என்று மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள். உங்களுக்காக ஜெபிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கியபோது இயேசு அந்த நாலு பேருடைய விசுவாசத்தைப் பார்த்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். படுத்திருந்தவன் ஜெபித்ததாக அங்கே எதுவும் எழுதப்படவில்லை.

கடைசியாக ஒரு யோசனை. ஜெபம் வரவில்லை என்கிற நாலைந்து பேர் சேர்ந்து, சனிக்கிழமை மாலை ஒரு வீட்டில் கூடுங்கள். மைக் வேண்டாம், கீபோர்டு வேண்டாம், சாட்சி சொல்ல வேண்டாம், யாரையும் பெயர் சொல்லி ஜெபிக்க அழைக்க வேண்டாம். ஒரு சங்கீதத்தை ஆளுக்கு ஒரு வசனமாக வாய்விட்டு வாசியுங்கள். 13இல் தொடங்கலாம், ஆறே வசனம். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். எழுந்துவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் குறையில்லை. போதகர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அவருக்கும் வர ஆசை இருக்கலாம். ஐந்தரைக்கெல்லாம் இங்கே இருட்டத் தொடங்கிவிடும். ஆறு மணிக்குக் கூடினால் ஆறரைக்கு முடித்துவிடலாம். டீ யார் போடுவது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் பல ஜெபக்குழுக்கள் உடைந்திருக்கின்றன.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
கடைசி வரிசைக்காரன்